நாடியும் திடலும்: ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பை அளக்க மனிதன் பல கோல்களைக் கண்டிருக்கின்றான். சாஆவைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் சுமந்து வந்த நம் முன்னோரின் உழைப்பு நிறுவையால் அளக்கப்பட்டது. செம்பனை பரவிய பின்னர் அது குலைகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. மாலையில் அதே தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடிய இளைஞரின் உழைப்போ கோல்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. இம்மூன்றும் உழைப்பின் விளைவைச் சொல்வன. உழைத்தவன் உடல் எவ்வளவு வருந்திற்று என்பதை இவற்றுள் ஒன்றும் சொல்வதில்லை.

அதனைச் சொல்லவல்ல அளவுகோல் ஒன்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கின்றது. அதுவே நாடி. மருத்துவன் விரல்நுனியில் தொடங்கிய நாடி பார்க்கும் கலை, பல நூற்றாண்டுகள் நடந்து காற்பந்துத் திடலையும் ஃபுட்சால் அரங்கையும் வந்தடைந்த வரலாறு சுவையானது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கோ அது பயனுடையதுமாகும்.

நாடி என்னும் சொல்

தமிழாசிரியர்க்கு இச்சொல்லே முதலில் கவனத்தை ஈர்க்கும். 'நாடி' என்பது பெயர்ச்சொல்லாக நின்று குருதிக்குழாயின் துடிப்பைக் குறிக்கும். வினையெச்சமாக நின்று 'ஆராய்ந்து' என்னும் பொருளைத் தரும். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஒரே குறளில் இச்சொல் மூன்று முறை வருகின்றது. அங்கே அது ஆராய்தலையே குறிக்கும், துடிப்பைக் குறிக்காது. ஆயினும், துடிப்பைத் தொட்டு உடலை ஆராயும் செயலுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி நிற்பது தமிழுக்கு வாய்த்த நயம் எனலாம்.

சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பர். ஆள்காட்டி விரலில் வாதமும், நடுவிரலில் பித்தமும், மோதிர விரலில் ஐயமும் உணரப்படும் என்பது அவர் கொள்கை. இம்மூன்றும் ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நிற்பது நலத்தின் அடையாளம் என்றனர். துடிப்பின் நடையை அன்னத்தின் நடைக்கும், ஆமையின் நடைக்கும், தவளையின் தாவலுக்கும் ஒப்பிட்டனர். அவர்கள் நாடியின் தன்மையை நாடினர். ஒரு நிமிடத்திற்கு எத்தனை என்னும் எண்ணிக்கையை நாடுவதற்கு நிமிடத்தைக் காட்டும் கருவி வேண்டும். அக்கருவி பின்னரே வந்தது.

எண்ணத் தொடங்கிய காலம்

இத்தாலியில் பாதுவா நகரில் வாழ்ந்த சாந்தோரியோ என்னும் மருத்துவர் (1561 - 1636) நாடியை அளக்க ஊசலைத் துணைக்கொண்டார். நூலில் கட்டிய குண்டை ஆட்டி, நூலை நீட்டியும் குறுக்கியும், ஊசலின் ஆட்டம் நோயாளியின் துடிப்போடு ஒத்து வரும்படி செய்தார். அப்போது நூலின் நீளம் எவ்வளவோ அதுவே அந்த நாடியின் அளவு. நேரத்தை முழக்கோலால் அளந்த விந்தை அது. 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இதயம் குருதியை உடலெங்கும் சுற்றிவரச் செய்கின்றது என்பதை நிறுவி நூல் வெளியிட்டார். 1707ஆம் ஆண்டில் ஜான் ஃபிளாயர் என்பவர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் நாடிக் கடிகாரத்தைப் பற்றி எழுதினார். நிமிடத்திற்கு இத்தனை என்று நாம் இன்று சொல்லும் வழக்கம் அங்கே வேர்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன், இதயத்தில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தைத் தாளில் வரையும் கருவியை அமைத்தார். அதற்காக 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் பெற்றார். ஆனால் அக்கருவி ஓர் அறையையே அடைத்துக்கொண்டது. அதனருகில் மனிதன் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்கரான நார்மன் ஹோல்ட்டர், நடமாடும் மனிதனின் இதய மின்னோட்டத்தை வானொலி அலையால் அனுப்பும் கருவியை முதுகில் சுமந்து காட்டினார். அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ. அதனைச் சுமந்து நடக்கலாம், பந்தாட முடியுமா?

உழைப்பும் துடிப்பும்

கருவி சிறுத்து வருவதற்குள், எண்ணின் பொருளை அறிஞர் ஆராய்ந்தனர். 1920ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏ. வி. ஹில், ஓடுபவரின் மூச்சுக்காற்றைப் பையில் பிடித்து ஆராய்ந்தார். ஓட்டத்தின் விரைவு கூடக் கூட உடல் கொள்ளும் உயிர்வளியும் கூடுகின்றது என்றும், அதற்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்றும் கண்டார். உயிர்வளியை உடலெங்கும் கொண்டுசெல்வது குருதி. குருதியைச் செலுத்துவது இதயம். எனவே உழைப்பு ஏறும்போது துடிப்பும் பெரும்பாலும் நேர்கோட்டில் ஏறுகின்றது. மூச்சைப் பையில் பிடிக்க இயலாத இடத்தில் துடிப்பை எண்ணினால் போதும் என்னும் எண்ணம் இங்ஙனம் பிறந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியன் புரூகா, 1943ஆம் ஆண்டில் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். இளைஞன் 20 அங்குல உயரமுள்ள பலகையில் நிமிடத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பின்னர் அவன் இளைப்பாறும்போது நாடியை எண்ண வேண்டும். துடிப்பு விரைந்து தணிந்தால் உடல் வலுவுடையது. தணியத் தாமதித்தால் வலுக் குறைவு.

1957ஆம் ஆண்டில் பின்லாந்தின் மார்த்தி கார்வோனென் மற்றோர் அடி எடுத்து வைத்தார். ஒருவர் ஓய்வாக இருக்கும்போதுள்ள துடிப்புக்கும் அவருடைய உச்சத் துடிப்புக்கும் இடையிலுள்ள வெளியே அவர் உழைப்பதற்குரிய களம். அக்களத்தில் எத்தனை விழுக்காட்டை அவர் எட்டினார் என்பதே உழைப்பின் கடுமை.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மாணவர் இருவர் ஒரே விரைவில் திடலைச் சுற்றுகின்றனர். இருவரின் உச்சத் துடிப்பும் 200. முதல்வனின் ஓய்வுத் துடிப்பு 60. ஓட்டத்தில் அது 150 ஆகின்றது. இரண்டாமவனின் ஓய்வுத் துடிப்பு 90. ஓட்டத்தில் அது 185 ஆகின்றது. முதல்வன் தன் களமாகிய 140இல் 90ஐப் பயன்படுத்தினான். அஃதாவது 64 விழுக்காடு. இரண்டாமவன் தன் களமாகிய 110இல் 95ஐப் பயன்படுத்தினான். அஃதாவது 86 விழுக்காடு. சற்று நேரத்தில் இரண்டாமவன் பின்தங்குவான். கரையில் நிற்பவர் அவனைச் சோம்பேறி என்பர். ஆனால் அங்கே மிகுதியாக உழைத்தவன் அவனே என்று நாடி சான்று சொல்லும்.

உச்சத் துடிப்பை அறிய '220இலிருந்து வயதைக் கழிக்க' என்னும் வாய்பாடு உலகெங்கும் பரவியுள்ளது. 1971ஆம் ஆண்டில் ஃபாக்ஸும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவிய இது, பல ஆய்வுகளின் எண்களைத் திரட்டிக் கண்ணளவாக வகுத்த தோராயமேயன்றித் தனியாய்வில் பிறந்த விதியன்று. ஒரே வயதினர் இருவரிடையே 10, 20 துடிப்பு வேறுபாடு இருத்தல் இயல்பு. 2001ஆம் ஆண்டில் தனாகா முதலியோர், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்குமாறு திருத்தம் கூறினர். பள்ளிச் சிறுவர்க்கோ இவ்விரண்டும் நன்கு பொருந்துவதில்லை. அவர்தம் உச்சத் துடிப்பு ஆண்டுதோறும் குறைந்து வராமல், ஏறத்தாழ 200 என்னும் அளவிலேயே பதின்பருவம் முழுதும் நிற்கின்றது.

திடலுக்கு வந்த கருவி

1972ஆம் ஆண்டில் மலேசியக் காற்பந்துக் குழு முனிச் ஒலிம்பிக்கில் ஆடியது. எம். சந்திரன், சோ சின் ஆன் போன்றோர் இடம்பெற்ற அக்குழு அமெரிக்காவை 3-0 என்னும் கணக்கில் வென்றதை மூத்தோர் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்வர். துடிப்பைக் கம்பியில்லாமல் மணிக்கட்டில் காட்டும் கருவி கடைக்கு வர அப்போது இன்னும் பத்தாண்டு இருந்தது.

1976ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாமஸ் ரைலியும் வான் தாமஸும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் ஓடும் தொலைவைக் கணக்கிட்டனர். சராசரி ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் என்றும், நடுத்திடல் ஆட்டக்காரரே மிகுதியாக ஓடுகின்றனர் என்றும் அறிவித்தனர். தொலைவு தெரிந்தது, உள்ளுழைப்புத் தெரிய வேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டில் பின்லாந்துப் பேராசிரியர் செப்போ சைனயாகங்காஸ் 'போலார்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1982ஆம் ஆண்டில் அந்நிறுவனம், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து துடிப்பைக் கம்பியின்றி மணிக்கட்டுக்கு அனுப்பும் கருவியை வெளியிட்டது. ஹோல்ட்டரின் 38 கிலோ, சட்டைக்குள் மறையும் பட்டையாயிற்று.

அப்பட்டையை அணிந்து ஆடியோரிடமிருந்து கிடைத்த செய்தி பயிற்றுநர்களின் சிந்தனையை மாற்றியது. வயதுவந்த நல்லாட்டக்காரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கின்றார். அதில் நடையும் மெல்லோட்டமுமே மிகுதி. ஆயினும் அவர் துடிப்பு, ஆட்டம் முழுதும் உச்சத்தின் 80 முதல் 90 விழுக்காடு வரை நிற்கின்றது. நிற்பதும் திரும்புவதும் குதிப்பதும் பந்தைப் பறிப்பதும் தொலைவுக் கணக்கில் சேர்வதில்லை. இதயத்தின் கணக்கிலோ அவையும் சேர்கின்றன. அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் இத்தகைய கருவிகளை அணிவதற்கான பொது இசைவு 2015ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே நம் ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

ஐவர் ஆடும் அரங்கு

1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொண்டேவிடியோ நகரில், இளைஞர் கிறித்தவச் சங்கத்தில் பணியாற்றிய ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர், உள்ளரங்கில் ஆடத்தக்க காற்பந்தை வகுத்தார். அவ்வாண்டு உலகக் கிண்ணத்தை வென்ற அந்நாட்டில் சிறுவர் எங்கும் பந்தாடினர். ஆட இடம் போதவில்லை. கூடைப்பந்து, கைப்பந்து, நீர்ப்பந்து ஆகியவற்றின் விதிகளைக் கலந்து அவர் அமைத்த ஆட்டமே ஃபுட்சாலாக வளர்ந்தது. உலக அளவில் இத்துறை வளர்வதற்கு ஓர் ஆசிரியரின் இடநெருக்கடி காரணமாயிற்று என்பது நமக்கும் ஊக்கமளிக்கும் செய்தியாகும். மலேசியா 1996ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த ஃபுட்சால் உலகப் போட்டியில் பங்கேற்றது. 1999ஆம் ஆண்டில் முதல் ஆசிய ஃபுட்சால் போட்டி கோலாலம்பூரிலேயே நடைபெற்றது, ஈரான் வென்றது.

ஃபுட்சால் ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரு பகுதிகளை உடையது. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரமும் நிற்கும். ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம். அரங்கு ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. சிறிய இடம், குறைந்த நேரம் என்பதால் எளிய ஆட்டம் என்று எண்ணுவோர் பலர். 2008ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர் பதின்மரிடம் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. போட்டியில் அவர்தம் சராசரித் துடிப்பு நிமிடத்திற்கு 174. அஃதாவது உச்சத்தின் 90 விழுக்காடு. ஆட்ட நேரத்தில் 83 விழுக்காட்டில் துடிப்பு, உச்சத்தின் 85 விழுக்காட்டுக்கும் மேலே நின்றது. மறு ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வும் அதே 90 விழுக்காட்டையே கண்டது. ஒளிந்துகொள்ள இடமில்லாத அரங்கில் பந்து எப்போதும் அருகிலேயே இருக்கின்றது. ஓய்வு, மாற்று ஆட்டக்காரர் இருக்கையில்தான் கிடைக்கின்றது.

வெப்பமும் எண்ணின் எல்லையும்

1997 நவம்பர் 16ஆம் நாள் ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கில் ஜப்பானும் ஈரானும் உலகக் கிண்ணத் தகுதிக்காக மோதின. 90 நிமிடம் முடிந்தும் முடிவு காணாது, கூடுதல் நேரத்தில் 118ஆம் நிமிடத்தில் விழுந்த கோலால் ஜப்பான் 3-2 என வென்று, முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஜொகூரின் புழுக்கத்தில் 118 நிமிடம் ஓடுவது இதயத்திற்கு எத்தகைய சுமை!

வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்விக்கக் குருதியின் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்புகின்றது. வியர்வையால் குருதியின் நீரும் குறைகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படும் குருதி குறைவதால், அதே ஓட்டத்திற்கு இதயம் மிகுதியாகத் துடிக்க வேண்டியதாகின்றது. காலை எட்டு மணிக்கு 150 துடிப்பில் முடிந்த ஓட்டம், நண்பகலில் 165 கேட்டாலும் வியப்பில்லை. குளிர்நாட்டு நூல்களில் உள்ள பயிற்சி அட்டவணையை நம் திடலில் அப்படியே நிறைவேற்றல் ஆகாது என்பதை இது தெளிவாக்கும்.

அச்சமும் ஆவலும் காய்ச்சலும் உறக்கக் குறைவும் கூடத் துடிப்பை உயர்த்தும். மிகக் குறுகிய விரைவோட்டத்தின்போது துடிப்பு உடனே ஏறாமல் பின்தங்கி ஏறும். ஆகவே நாடி நல்ல சான்று. ஆனால் தனிநின்று தீர்ப்பளிக்கும் நீதிபதியன்று. சுவீடனின் குன்னார் போர்க், ஆட்டக்காரர் தாம் உணரும் கடுமையை 6 முதல் 20 வரையுள்ள எண்ணால் சொல்லும் முறையை வகுத்தார். அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கினால் வயதுவந்தோரின் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும்படி அமைத்தார். நாடியை எண்ணுவதோடு, "எப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேட்பதும் அறிவியலே என்பதற்கு இது சான்று.

நம் பள்ளித் திடல்

மார்புப் பட்டை நம் பள்ளிகளுக்கு எட்டாத பொருளாயினும், இவ்வரலாறு நம் வாயிலைத் தட்டாமல் போகவில்லை. 2008ஆம் ஆண்டு முதல் நாட்டின் பள்ளிகளில் நான்காம் ஆண்டு மாணவர் தொடங்கி நடைமுறைக்கு வந்த 'செகாக்' உடல்தகுதிச் சோதனையில், மாணவர் பலகையில் 3 நிமிடம் ஏறி இறங்கி நாடியை எண்ணுகின்றனர். 1943இல் புரூகா வகுத்த சோதனையின் பேரப்பிள்ளை அது. படிவத்தில் எண்ணை நிரப்புவதோடு அது முடிந்துவிடலாகாது. அந்த எண் என்ன சொல்கின்றது என்பதை மாணவர்க்கு விளக்கினால், கணிதமும் அறிவியலும் உடற்கல்வியும் ஒரே பாடமாகும்.

முறை எளிது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்தல் வேண்டும். பெருவிரல் ஆகாது; அதற்கே துடிப்பு உண்டு. ஓட்டம் நின்றவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணி, எவ்வளவு தணிந்தது என்று பார்க்கலாம். ஒவ்வொரு மாணவனும் தன் எண்ணைத் தன் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். அடுத்தவன் எண்ணோடு அன்று.

தோட்டங்களை விட்டு மக்கள் நகர்ந்தமையால் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சிறுத்துள்ளது. பதினொருவர் கொண்ட குழுவைத் திரட்ட இயலாத பள்ளிகள் உண்டு. அவற்றுக்கு ஐவர் ஆட்டம் குறைபட்ட மாற்று அன்று. 2002ஆம் ஆண்டில் நார்வேயில் நடந்த ஆய்வொன்றில், ஐவர் ஐவராக ஆடிய சிறுகுழு ஆட்டமே துடிப்பை உச்சத்தின் ஏறத்தாழ 91 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. தனியே ஓடச் செய்யும் பயிற்சிக்கு நிகரான பயன் பந்தோடு ஆடும் மகிழ்ச்சியிலேயே கிடைக்கின்றது. பதின்மர் இருந்தால் ஓர் ஆட்டம் உண்டு. ஆட்டம் கடுமையானது ஆதலால் அடிக்கடி மாற்றுதலும், நீர் தருதலும், நிழலில் இளைப்பாறச் செய்தலும் ஆசிரியர் கடமை.

கடமையின் மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2003ஆம் ஆண்டில் கேமரூன் நாட்டின் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்திடலிலேயே சாய்ந்து உயிர்நீத்தார். 2021ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தினிடையே இதயம் நின்று வீழ்ந்தார். உடனே கிடைத்த முதலுதவியால் மீண்டார். உலகத்தர மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தோர்க்கே இந்நிலை. மறைந்திருக்கும் இதயநோயை விரலால் எண்ணிக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் ஓடும்போது மயங்கியவன், நெஞ்சு வலிக்கின்றது என்றவன், காய்ச்சலோடு வந்தவன், குடும்பத்தில் இளவயது மரணம் கண்டவன் ஆகியோரை ஓடவிடாமல் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப முடியும். கடைசியாக வந்தவனுக்குத் தண்டனையாக மேலும் இரண்டு சுற்று விதிக்கும் வழக்கத்தையும் கைவிட முடியும். அவன் நாடி 185இல் இருக்கும்போது அத்தண்டனை அவன் சோம்பலின்மேல் விழுவதில்லை. அவன் இதயத்தின்மேல் விழுகின்றது.

தோட்டத்து நிறுவையில் எல்லார் பாலும் ஒரே தராசில் ஏறியது. பாலுக்கு அது முறை. பிள்ளைகளுக்குத் தராசு வேறு. விரைந்தோடும் மாணவனைப் பாராட்டுவது எளிது, யாரும் செய்வர். மெல்ல ஓடுபவன் கையைப் பிடித்து நாடியை எண்ணி, "நீயும் குறைவாக உழைக்கவில்லை" என்று சொல்வது ஆசிரியர்க்கே உரிய பணி. அதற்கு வேண்டுவன இரண்டு விரல்களும் ஒரு கடிகாரமும் நாடும் மனமும்.